விரலைத் தூக்கினால் போதும்

அந்தப் பரிசோதனைக் கூடத்தின் கதவு பிடிவாதம் பிடித்தது. அவளுக்கும் அண்ணனுக்கும் முன்னால் வந்திருந்த கூரியர்காரர் தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார், கடைசியில் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு யாருக்கோ போன் போட ஆரம்பித்தார். அண்ணன் அவரைச் சுற்றிக்கொண்டு போய், கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கி, செருப்பு முனையால் கதவின் அடியில் ஒரு தட்டுத் தட்டினான். கதவு சத்தமில்லாமல் திறந்துகொண்டது.

அவள் அதைப் பார்த்தாள். லிஃப்டில் ஏறும்போதுதான் அவன் சொல்லியிருந்தான், "நானும் இந்தப் பக்கம் வந்ததே இல்ல, யாரோ கஸ்டமர் சொன்ன இடம்" என்று. செல்போன் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு எந்தப் பொருளையும் பார்த்ததுமே அதன் கோளாறு புரிந்துவிடும், இதில் என்ன ஆச்சரியம் என்று நினைத்துக்கொண்டாள். அண்ணன் விஷயத்தில் அவள் எப்போதுமே அப்படித்தான். அவனைப் பற்றி ஒரு கேள்வி எழுந்தால், அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே பதிலைத் தயார் செய்து அவன் கையில் கொடுத்துவிடுவாள்.

அவளுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அழகு நிலையத்தில் நாள் முழுக்கக் கத்திரி பிடிக்கிறவள். சில வாரங்களாக வலது கையில் ஊசி குத்துவது போல ஒரு குறுகுறுப்பு, போன வாரம் ஒரு வாடிக்கையாளரின் மடியிலேயே கத்திரி நழுவி விழுந்துவிட்டது. கடைக்கார அக்கா, "எனக்கும் வந்துச்சு, மணிக்கட்டுல நரம்பு அமுங்குது, பட்டி கட்டினா சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டாள். அவளும் பட்டி வாங்குவதாகத்தான் இருந்தாள். அண்ணன்தான் விடவில்லை. கை போனால் உனக்கு என்ன இருக்கு, நரம்பு விஷயத்தில் விளையாடக் கூடாது, ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று தினமும் சாப்பாட்டின்போது ஆரம்பித்துவிடுவான். அவன் சொன்னதும் நிஜம். கத்திரியைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. அந்தக் கையை நினைத்துச் சில நாட்களாக அவள் சரியாகத் தூங்கவும் இல்லை.

உண்மையில் டெஸ்ட் எடுக்க வேண்டியது அவனுக்குத்தான் என்று அவள் நினைத்தாள். அவன் கைகள் மறுபடியும் மோசமாகிக்கொண்டு வந்தன. அம்மா படுக்கையில் விழுவதற்கு முந்தின வருடமும் இப்படித்தான் ஆனது. கடையில் திருகாணிகள் உருண்டோடின, டீ டம்ளர் நழுவியது, ஒரு மாதம் கடையையே பூட்டி வைத்தான். பிறகு ஏதோ மருந்து கேட்டது என்றான். கை நன்றாகிவிட்டது. அதே சமயத்தில் அம்மாவுக்கு ஆரம்பித்தது. ஒரே வீட்டில் ஒரு கஷ்டம் போனால் இன்னொரு கஷ்டம் வரிசையில் நிற்கிறது என்று அவள் அலுத்துக்கொண்டது நினைவிருக்கிறது.

இன்று காலையில்கூட அவனால் கைக்கடிகாரத்தின் வாரை மாட்ட முடியவில்லை. கொக்கி துளைக்குள் போகாமல் நாலைந்து முறை வழுக்கியது. அவள்தான் பிடுங்கி மாட்டிவிட்டாள். "இந்தா, பேசாம என் கையையே கழட்டி எடுத்துக்கோ, எனக்கும் நிம்மதி" என்றாள். வழக்கமாக இதற்கு அவன் பதிலுக்கு ஏதாவது சொல்லி அவளை வாருவான். வாரவில்லை. அவள் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே ஏ.சி. தேவைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகள் எல்லாமே காலி. ஸ்பிரிட் வாசனை, புதிதாகத் துடைத்த தரையின் வாசனை, அதற்கும் அடியில் இன்னொன்று, ஈரத்துணியின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி ஒரு லேசான கருகல். எங்கேயோ ஒரு அறைக்குள்ளிருந்து ஒலிபெருக்கியின் இரைச்சல் கேட்டது, கரகரவென்று எழுந்து, அடங்கி, மறுபடி எழுந்தது. உதவிப் பெண் ஒருத்தி வந்து அவளைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய், பின்பக்கம் முடிச்சுப் போடும் பச்சை அங்கி ஒன்றைக் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

அவள் ஒரு கையை நுழைத்திருந்தாள். அப்போது திரைக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க" என்றான் அண்ணன்.

அம்மா போன வருடமே போய்விட்டாள்.

அவள் ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக அப்படியே நின்றாள். ஏ.சி. காற்றில் திரை லேசாக உப்பித் தணிந்தது. பிறகு மற்றக் கையையும் நுழைத்து, முடிச்சைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். உதவிப் பெண் போய்விட்டிருந்தாள். அண்ணன் சுவரில் இருந்த முதுகெலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பொண்ணுக்கு அம்மாவை எப்படித் தெரியும்?"

"யாரு? ஓ, அதுவா. என்னை வேற யாரோன்னு நினைச்சுட்டாங்க. அதுக்குப் போய் எதுக்குக் கதை சொல்லணும்னு தலையாட்டி வெச்சேன்."

அவன் சொன்னவிதம் அவன் எப்போதும் பேசுகிற விதம்தான். அவளுக்கு மூச்சு வந்தது. அப்பா போன பிறகு அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்து அழைத்துப்போனவன் அவன். முதல் கத்திரியை வாங்கிக் கொடுத்து, பழகிக்கொள்ளத் தன் தலையையே நீட்டி, ஒரு மாதம் எலி கடித்த தலையோடு ஊர் சுற்றியவன். அவன் மேல் போய்ச் சந்தேகமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"இங்க பாரு, வாலு" என்றான். அந்தப் பெயரில் அவளைக் கூப்பிட இப்போது அவன் ஒருவன்தான் மிச்சம். "ஊசின்னா நீ ஊரைக் கூட்டுவேன்னு எனக்குத் தெரியும். உள்ள கத்தக் கூடாது, ஆடக் கூடாது. வலி தாங்கலேன்னா இடது கை ஆள்காட்டி விரலை மட்டும் லேசாத் தூக்கு. போதும். நான் பக்கத்துலயே உக்காந்து பார்த்துக்கிட்டு இருப்பேன். உடனே நிறுத்தச் சொல்லிடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமாடி."

அவள் தன் கொண்டையில் இருந்த கிளிப்பைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். பெரிய பல் வைத்த பிளாஸ்டிக் கிளிப். அதன் ஸ்பிரிங் ரொம்ப இறுக்கம், அவளுக்கே இரண்டு விரலால் அழுத்தித்தான் திறக்கவரும். அவன் அதை வாங்கும்போதே கை நடுங்கியது, கிளிப் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டான்.

டாக்டர் வயதானவர், கம்பளிச் சட்டை போட்டிருந்தார், குரல் தாழ்ந்து மிருதுவாக இருந்தது. அவளைப் படுக்கவைத்து, தன் இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் அவள் கையைத் தொட்டார். அந்த ஒன்றுக்காகவே அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது. படுக்கைக்கு இந்தப் பக்கம் இயந்திரம், அதன் திரையில் அசையாத ஒரு பச்சைக் கோடு, பக்கத்தில் ஒலிபெருக்கி, அதில் ஒரு வட்டக் குமிழ். நிறைய விரல்கள் திருகித் திருகிக் குமிழின் பெயிண்ட் போயிருந்தது. அந்தப் பக்கம், அவள் இடது கைக்கு அருகே, நாற்காலியைப் போட்டுக்கொண்டு அண்ணன்.

முதலில் சின்னச் சின்ன ஷாக். மணிக்கட்டில் இரண்டு முனை வைத்த கருவியை அழுத்தினார், விரல்கள் துள்ளின. அவள் துள்ளச் சொல்லவில்லை, அவை துள்ளின. தன் கை தன்னைக் கேட்காமல் குதிப்பதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனைப் பார்த்தாள், அவன் சிரிக்கவில்லை.

பிறகு ஊசி.

"மெல்லிசு ஊசிதான்" என்றார் டாக்டர். "தசைக்குள்ள வெச்சா அது பேசறது இங்க கேக்கும். நீங்க சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும். நான் மடக்குங்கன்னா மடக்கணும், விடுங்கன்னா விட்டுடணும். அவ்வளவுதான்."

முழங்கைக்குக் கீழே ஸ்பிரிட் பஞ்சின் குளிர்ச்சி, பிறகு ஒரு சுருக். அவள் பல்லைக் கடித்தாள். ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்து அடங்கியது. தோலில் வலி அதிகமில்லை, உள்ளேதான், இரவில் கெண்டைக்காலில் நரம்பு இழுத்துக்கொள்ளும்போது வருமே அந்த மாதிரி ஒரு குடைச்சல், ஊசி நகர நகர அதுவும் நகர்ந்தது. மடக்குங்க என்றார். மடக்கினாள். தகரக் கூரையில் மழை கொட்டுவது போல அறை முழுக்கச் சத்தம் எழுந்தது. தன் கைக்குள் இவ்வளவு சத்தம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நன்றாகத்தான் இருக்கிறது, இத்தனை பலமாகப் பேசுகிற கை எப்படிப் போய்விடும் என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது.

"அருமையா இருக்கு" என்றார் டாக்டர். அதை அவர் அவளிடம் சொல்லவில்லை, அவளைத் தாண்டி அண்ணனிடம் சொன்னார்.

ஊசி உள்ளேயே இருந்தது. மடக்குங்க, விடுங்க. மடக்குங்க, விடுங்க. ஒவ்வொரு முறையும் அவர் ஊசியைக் கொஞ்சம் திருப்பி வைத்தார், ஒவ்வொரு முறையும் மழை கொஞ்சம் குறைந்தது. கொட்டியது தூறலானது. தூறல் சொட்டானது. கடைசியாக அவள் மடக்கியபோது ஒரே ஒரு சொட்டு விழுந்தது, அப்புறம் இல்லை. பச்சைக் கோடு நேராக ஓடியது.

டாக்டர் ஊசியை உருவினார்.

"டக்" என்று ஒரு சத்தம். அவள் தலையைத் திருப்பினாள். அண்ணன் மடியில் கிளிப். அவன் அதைத் திறந்திருந்தான். திறந்ததை அவனே நம்பாதவனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கை மரத்துப்போன மாதிரி இருக்கு டாக்டர்" என்றாள்.

"அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நேரம்."

அடுத்தது கட்டைவிரலின் அடிச் சதை. அங்கேதான் எல்லாரும் கத்துவார்கள் என்று அவர் முன்கூட்டியே சொன்னார், சொன்னதில் தப்பே இல்லை. உள்ளங்கையில் ஆணி இறங்கியது போல அவள் உடம்பு முழுக்க விறைத்தது, கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. மழை, தூறல், சொட்டு. கோடு. டக். பிறகு புஜம். மழை, தூறல், சொட்டு. டக், டக். கிளிப் இப்போது தடுமாறவில்லை. திறந்து மூடியது, திறந்து மூடியது, கடையில் வேலை இல்லாதபோது அவன் டுவீசர் இடுக்கியைத் தட்டிக்கொண்டிருப்பானே, அதே தாளத்தில்.

வலது கையைத் தூக்கிப் பார்க்கலாம் என்று நினைத்தாள். நினைத்தாள், அவ்வளவுதான். கை விரிப்பின் மேல் கிடந்தது. மரத்துப்போன கை கனக்கும், குறுகுறுக்கும். இது கனக்கவில்லை, குறுகுறுக்கவில்லை. பஞ்சின் குளிர்ச்சி தெரிந்தது, விரிப்பின் சுருக்கம் தெரிந்தது. எல்லாம் தெரிந்தது. அசைக்க மட்டும் அவள் இல்லை.

டாக்டர் காலுக்குப் போனார்.

"கால்ல எனக்கு ஒண்ணும் இல்லயே" என்றாள்.

ஊசி தொடையில் இறங்கியது. கதவு நினைவுக்கு வந்தது. செருப்பு முனையால் அடியில் ஒரு தட்டு. அது பார்த்ததும் புரிகிற கோளாறு இல்லை, பலமுறை வந்து பழகியவனுக்குத்தான் தெரியும். அம்மாவை அவன் மாதாமாதம் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போவான். நீ வேலைக்குப் போ, நான் பார்த்துக்கறேன் என்பான். போகும்போது அம்மா நடந்து போனாள். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கொஞ்சம் குறைந்து திரும்பினாள். கரண்டி பிடிக்க முடியவில்லை. பிறகு நிற்க முடியவில்லை. பிறகு பேச்சு போனது.

அவள் வாயைத் திறந்தாள். "போதும் டாக்டர். நிறுத்துங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

டாக்டர் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். "இவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"காலைலகூட அவளே சொன்னா, எடுத்துக்கோன்னு" என்றான் அண்ணன். "ஊசின்னா பயம், அவ்வளவுதான். நீங்க பண்ணுங்க."

அவளுக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிவிட்டது, ஆனால் விளங்கியதை அவள் மனசு வாங்கிக்கொள்ள மறுத்தது. ஒரு வேளை அவன் பயத்தில் உளறுகிறான். ஒரு வேளை அவனையும் மிரட்டியிருக்கிறார்கள். இப்போதும் அவனுக்காக அவளே பதில் தேடிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்ட அடையாளம் ஒன்று இருக்கிறது, சத்தியம் செய்திருக்கிறான், அதைக் காட்டினால் நிறுத்தச் சொல்வான்.

இடது கை ஆள்காட்டி விரலைத் தூக்கினாள்.

அவன் பார்த்தான். தெளிவாக, முழுசாக, அந்த விரலையே பார்த்தான். பிறகு தன் கையை அதன் மேல் வைத்து, தூங்குகிற குழந்தையின் கையை விலக்கி வைப்பது போல மெதுவாக, விரலை விரிப்போடு அழுத்திக் கீழே இறக்கினான். அந்த அழுத்தத்தில் நடுக்கமே இல்லை.

அம்மாவின் விரல்.

கடைசி மாதங்களில் அம்மாவிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். கட்டிலில் கட்டையாகக் கிடப்பாள். இவள் துடைப்பாள், ஊட்டுவாள், புரட்டிப் படுக்கவைப்பாள், எதற்கும் அசைய மாட்டாள். அண்ணன் அறைக்குள் வந்தால் மட்டும் அம்மாவின் ஆள்காட்டி விரல் எழும். எழுந்து, இறங்கி, எழுந்து, அவன் வெளியே போகும்வரை நிற்காது. "பாரு, என்னைப் பார்த்தா அம்மாவுக்குச் சந்தோஷம், கூப்பிடறா" என்பான். நாள் முழுக்கப் பாடுபடுவது நான், கூப்பிடுவது மட்டும் பிள்ளையையா என்று இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஒரு நாள் கோபத்தில் அந்த விரலைப் போர்வைக்குள் தள்ளி மூடிக்கூட விட்டாள்.

கூப்பிடவில்லை. அம்மா கூப்பிடவே இல்லை. நிறுத்தச் சொல் என்று கெஞ்சியிருக்கிறாள். அவன் அம்மாவுக்கும் இதே சத்தியத்தைத்தான் செய்து கொடுத்திருக்கிறான். இதே நாற்காலியில் உட்கார்ந்து.

"அம்மாவை..." என்று ஆரம்பித்தாள். "அண்ணா, நீ அம்மாவை..."

"தாடையைக் கொஞ்சம் மேல தூக்குங்க" என்றார் டாக்டர்.

அவள் தூக்கவில்லை. உதவிப் பெண் எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை, தலைமாட்டில் நின்று இரண்டு உள்ளங்கைகளாலும் அவள் தாடையைப் பிடித்துத் தூக்கினாள். கைகளில் சோப்பு வாசனை. அவள் கத்தினாள். கத்தக் கத்த ஒலிபெருக்கியில் மழை பிடித்துக்கொண்டது. தாடைக்கு அடியில், நாக்கின் வேரில், ஊசி. அவள் குரலும் மழையும் ஒன்றாக எழுந்தன. ஒன்றாகக் குறைந்தன. தூறல். அண்ணா. சொட்டு. அண்ணா. கோடு.

நாக்கு வாய்க்குள் கிடந்தது. அங்கியைப் போல, விரிப்பைப் போல. எச்சிலை விழுங்க முடியவில்லை, அது கடைவாயில் வழிந்தது.

டக். டக். டக். டக்.

பிறகு வரிசையாக. இடது தோள். கழுத்து. இன்னொரு கால். எதுவும் வலிக்காமல் இல்லை. வலி முழுசாக இருந்தது. முகம் சுளிக்கக்கூட ஆளில்லை, அதனால் டாக்டர் மிருதுவான குரலில் சொன்னார், "பாருங்க, இப்ப எவ்வளவு நிம்மதியாப் படுத்திருக்காங்க."

கடைசியாக இடது மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே.

ஊசி இறங்கியது. அவள் தன்னிடம் மிஞ்சியிருந்த பலம் அத்தனையையும் ஒரே இடத்தில் திரட்டி விரலைத் தூக்கினாள். விரல் எழுந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது. சின்னத் தூறல்தான், ஆனால் அறை முழுக்கக் கேட்டது. அவள் இன்னும் இருக்கிறாள் என்று அது ஒன்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

"இதையும் எடுத்துடலாமா?" என்றார் டாக்டர்.

அண்ணன் அந்த விரலைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை, அவளுக்கு அவன் அழுகை தெரியும். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"வேண்டாம் டாக்டர். அது இருந்துட்டுப் போகட்டும். அம்மாவுக்கும் விட்டோம்ல."

டாக்டர் தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போனார். உதவிப் பெண் பஞ்சுகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியே போனாள். ஊசி அப்படியே இருந்தது. அண்ணன் எழுந்து நின்றான். கடிகாரத்தின் வாரை ஒற்றைக் கையாலேயே தளர்த்தினான், அடுத்த துளையில் கொக்கியைச் செருகினான், விரலைச் சுழற்றிச் சரிபார்த்தான். பிறகு அவள் முகத்துப் பக்கம் குனிந்தான். துடைப்புத் தாளால் அவள் கடைவாயைத் துடைத்தான். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கி, கழுத்தைத் தூக்கிப் பிடித்து, கூந்தல் முழுவதையும் ஒன்றுசேர்த்து, முறுக்கி, உருட்டி, கிளிப்பை மாட்டினான். அவள் கடையில் அவள் செய்வது போலவே, அதே சுழற்று, அதே லாவகம். அவன் இதற்கு முன் யாருக்கும் கொண்டை போட்டதில்லை.

"எனக்கு வேற யாரு இருக்கா, வாலு?" என்றான் காதோடு. "நீ ஒண்ணுக்கும் கவலப்படாத. நானே உனக்கு ஊட்டுவேன். நானே தலை பின்னி விடுவேன். நீ அம்மாவைப் பார்த்துக்கிட்ட மாதிரியே."

அவள் விரலைத் தூக்கினாள். கரகர.

தூக்கினாள். கரகர.

"சரிடி, சரி" என்றான். "பார்த்துட்டேன்."

அவளைத் தாண்டிக் கையை நீட்டி, அந்தப் பெயிண்ட் போன குமிழைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்தான். நிதானமாக, கொஞ்சம்கூட நடுங்காமல், இடது பக்கமாகத் திருகினான். மழை தூரமாகப் போனது. இன்னும் தூரமாக. அறை அமைதியானது. ஏ.சி. மட்டும் ஓடியது.

விரல் எழுந்தது. இறங்கியது. எழுந்தது. அண்ணன் கதவுப் பக்கம் திரும்பி நின்று, மெதுவாகச் சீட்டியடித்தபடி தன் புதுக் கைகளை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.